யார் வீட்டுப் பலகாரம்

கியோட்டோ நகரத்தின் தெற்கே ஃபுஷிமி இனாரி என்றொரு பெரிய ஷிண்டோ கோயில். ஆயிரக்கணக்கான செந்நிற வாயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக மலையேறிப் போகும் படத்தை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். நம் ஊர்ச் சன்னதித் தெருக்களைப் போலவே அந்தக் கோயில் தெருவிலும் பலகாரக் கடைகள் உண்டு. அவற்றில் ஒன்றிரண்டு கடைகளில் இன்றும் கையால் பிஸ்கட் சுடுகிறார்கள். சுடுபவர் அடுப்பின் முன் உட்கார்ந்திருப்பார். எதிரே வரிசையாக இரும்புக் கருவிகள். அடுப்பின் மேல் பிடித்து ரொட்டி வாட்ட நம் வீடுகளில் நீண்ட கைப்பிடி டோஸ்டர் ஒன்று இருக்குமே, கிட்டத்தட்ட அதுதான். முனையில் சதுரத்துக்குப் பதில் இரண்டு வட்டத் தகடுகள். ஜப்பானியர் அதைக் ‘கட்டா’ என்கிறார்கள். அச்சு என்று பொருள். மாவில் மிசோ என்னும் புளித்த சோயா விழுதும் எள்ளும் சேர்ந்திருக்கும். தகட்டைத் திறந்ததும் தவிட்டு நிறத்தில் ஒரு வட்டம், துணிபோல வளைகிற பதத்தில் வரும். அந்தப் பதம் சில நொடிகளுக்குத்தான். அதற்குள் இரண்டாக மடித்து, நடுவில் இன்னொரு முறை வளைத்துவிட வேண்டும். ஆறினால் உடையும். கடைசியில் மடிப்பின் வெளிப்புற இடுக்கில் ஒரு சீட்டைச் செருகுவார்.

அமெரிக்காவில் சீன உணவகங்களில் சாப்பிட்டவர்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பார்கள். பில்லோடு மேசைக்கு வரும் ஃபார்ச்சூன் குக்கியின் வடிவம் இதே. நகமாச்சி யசுகோ என்ற ஜப்பானிய ஆய்வாளர் அந்தக் குக்கியை முதலில் பார்த்தது 1980களில், நியூயார்க்கின் சீன உணவகம் ஒன்றில். 1990களின் இறுதியில் கியோட்டோக் கோயில் தெருவில் நடந்துகொண்டிருந்தபோது அதே வடிவம் கண்ணில் பட்டது. அதன்பின் ஆண்டுக்கணக்காக நூலகங்களைத் துழாவி, 1878இல் அச்சான ஒரு கதைப் புத்தகத்திலிருந்து ஓர் ஓவியத்தைத் தேடி எடுத்தார். கடைப் பையன் ஒருவன் கரி நெருப்பின் முன் கட்டாக்களை வைத்துச் சுட்டுக்கொண்டிருக்கிறான். கடையில் எழுதியிருக்கும் பெயர், சுஜியுரா செம்பெய்.

செம்பெய் என்றால் மொறுமொறுப்பாகச் சுட்ட பிஸ்கட். ‘சுஜியுரா’வுக்குத் தமிழில் விளக்கம் தேட வேண்டியதில்லை, சொல்லே இருக்கிறது: விரிச்சி. முல்லைப்பாட்டில், போருக்குப் போன தலைவன் திரும்புவானா என்று அறிய முதுபெண்டிர் மாலை நேரத்தில் ஊருக்கு வெளியே போய், நெல்லும் முல்லைப்பூவும் தூவி வணங்கிக் காத்து நிற்பார்கள். தாய்ப்பசுவைக் காணாமல் தவிக்கும் கன்றை ஆயர்மகள் ஒருத்தி தேற்றும் சொல் காதில் விழும். அதையே தங்களுக்கு வந்த நற்சொல்லாக எடுத்துக்கொண்டு வீடு திரும்புவார்கள். பழைய ஜப்பானில் அதே நம்பிக்கை நாற்சந்தியில் நடந்தது. அந்தி வேளையில் சந்தியில் நின்று, வழிப்போக்கர் வாயிலிருந்து தற்செயலாக வரும் முதல் சொல்லைக் குறியாகக் கொள்வார்கள். ‘சுஜி’ நாற்சந்தி, ‘உரா’ குறி. காலப்போக்கில் அந்தச் சொல் காகிதத்தில் ஏறியது. காகிதம் பலகாரத்தில் ஏறியது. முன்பின் தெரியாத ஒருவர் வாயிலிருந்து உனக்கென்று வரும் சொல். இந்தப் பண்டம் கடல் தாண்டிப் போனபோது அதன் கூடப் போனது அதுதான்.

1882இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. சீனத் தொழிலாளிகள் இனி உள்ளே வரக்கூடாது. ரயில் பாதை போட்டவர்கள், சுரங்கம் தோண்டியவர்கள் எல்லாம் அவர்கள்தான். வேலை முடிந்தபின் கதவு சாத்தப்பட்டது. கைகள் தேவைப்பட்ட பண்ணை முதலாளிகள் அடுத்து ஜப்பானியரைத் தேடினார்கள். 1885 முதல் ஹவாயின் கரும்புத் தோட்டங்களுக்கும் பிறகு கலிஃபோர்னியாவின் பழத்தோட்டங்களுக்கும் அவர்கள் வந்து இறங்கினார்கள். 1894இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் ஒரு பெரிய கண்காட்சி. அதற்காக ஒரு ஜப்பானியக் கிராமம் அமைத்தார்கள். கண்காட்சி முடிந்தபின் அது தேநீர்த் தோட்டமாக நின்றுவிட்டது. அதை வளர்த்தெடுத்தவர் ஹகிவாரா மகோட்டோ. குடும்பத்தோடு தோட்டத்துக்குள்ளேயே குடியிருந்தார். ஜப்பானிலிருந்து செடிகளும் மீன்களும் வரவழைத்தார். சொந்தப் பணத்தையும் அதில் கொட்டினார். வருகிறவர்களுக்குத் தேநீரோடு இந்தச் சீட்டு பிஸ்கட்டையும் கொடுத்தார்.

தோட்டத்துக்குப் பிஸ்கட் சுட்டுக்கொடுக்க ஒரு கடை வேண்டியிருந்தது. 1906இல் ஒகமுரா சுயெய்ச்சி என்பவர் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய பென்க்யோடோ அந்த வேலையை எடுத்துக்கொண்டது. அமெரிக்க நாக்குக்கு மிசோவின் உவர்ப்பு ஒட்டவில்லை. மிசோவை எடுத்துவிட்டு வெனிலாவும் வெண்ணெயும் சேர்த்ததாக அந்தக் குடும்பத்தார் சொல்லும் வரலாறு. நிறம் வெளுத்தது, அளவு சுருங்கியது. வெளி இடுக்கில் செருகியிருந்த சீட்டும் உள்ளே போய்விட்டது. கியோட்டோவில் சீட்டை உருவிப் படித்துவிட்டுப் பிஸ்கட்டைச் சாப்பிடலாம். அமெரிக்காவில் உடைத்தால்தான் சொல் கிடைக்கும்.

பென்க்யோடோ கதவு திறந்த அதே 1906ஆம் ஆண்டு அக்டோபரில், நகரப் பள்ளி வாரியம் ஜப்பானியக் குழந்தைகள் வெள்ளைப் பிள்ளைகளோடு உட்காரக் கூடாது, தனிப் பள்ளிக்குப் போக வேண்டும் என்று ஆணையிட்டது. டோக்கியோ கோபித்துக்கொண்டதால் அதிபர் ரூஸ்வெல்ட் தலையிட்டு அந்த ஆணையைத் திரும்பப் பெறச் செய்தார். பதிலுக்கு, தொழிலாளிகளை இனி அனுப்புவதில்லை என்று ஜப்பான் ஒப்புக்கொண்டது. பலகாரத்தை வெனிலாவாக்கி ஏற்றுக்கொண்ட ஊர், அதைச் சுட்டவரின் பிள்ளையைப் பள்ளியில் ஏற்கவில்லை.

இங்கே ஒகமுராவைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு இன்னொருவரைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது. ஒசாவா தகாவோ. தேநீர்த் தோட்டம் உருவான அதே 1894இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் வந்து இறங்கிய இளைஞர். பெர்க்லியில் பள்ளிப் படிப்பு, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டு. பிறகு ஹவாயில் வேலை, குடும்பம். வீட்டில் ஆங்கிலம்தான் பேசுகிறோம், பிள்ளைகளுக்கு ஜப்பானிய மொழி தெரியாது, அமெரிக்கப் பள்ளிக்கும் தேவாலயத்துக்கும்தான் போகிறோம் என்று எழுதிக் குடியுரிமை கேட்டார். அன்றைய சட்டம் வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் மட்டுமே குடியுரிமை பெறும் வழி வைத்திருந்தது. 1922இல் உச்ச நீதிமன்றம் ஒசாவா வெள்ளையர் அல்லர் என்று தீர்ப்பளித்தது. அவருடைய நடத்தையிலோ படிப்பிலோ குறையேதும் இல்லை என்பதை நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டே பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியரின் வழக்கிலும் அதே கதவு மூடியது. ஒரு மனிதர் தன் மிசோவை முழுக்க எடுத்துவிட்டு வெனிலாவாகவே வந்து நின்றாலும் போதாது என்பதை அந்த 2 தீர்ப்புகளும் சட்டமாக்கின. குடியேறியவர்கள் தங்களை மாற்றிக்கொள்ளத் தயங்குகிறார்கள் என்று எந்த நாட்டில் யார் பேசினாலும் எனக்கு ஒசாவாதான் நினைவுக்கு வருகிறார்.

ஜப்பானில் பிறந்து வந்த முதல் தலைமுறையை ‘இஸ்ஸெய்’ என்பார்கள். அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகள் ‘நிஸெய்’, பேரப்பிள்ளைகள் ‘ஸன்ஸெய்’. தலைமுறைகளுக்கு எண் போட்டுப் பெயர் வைத்துக்கொண்ட குடியேறிகள் உலகில் அதிகமில்லை. இஸ்ஸெய்களுக்கு 1952 வரை அமெரிக்கக் குடியுரிமை கிடையாது. பிள்ளைகள் பிறப்பாலேயே அமெரிக்கர்கள். ஒரே வீட்டில், ஒரே மேசையில், இரண்டு சட்டநிலைகள்.

சீட்டு பிஸ்கட் சீனர் கைக்கு எப்படிப் போனது? அதற்குச் சாப்பாட்டுக் கடைகளின் கணக்கைப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்து அமெரிக்கருக்குப் பச்சை மீன் என்றால் குமட்டல். ஆனால் சாப் சுயி என்ற சீன வதக்கல் மீது பெரிய மோகம். கலிஃபோர்னியாவில் உணவகம் வைத்த ஜப்பானியர் பலர் தங்கள் உணவை விடச் சாப் சுயி விற்பதே பிழைப்புக்கு வழி என்று கண்டார்கள். அமெரிக்கர் சாப்பாட்டை இனிப்போடு முடிப்பவர்கள். அதற்காக இந்த பிஸ்கட்டைக் கடைசியில் வைத்தார்கள். பக்கத்துச் சீன உணவகங்களும் வாடிக்கையாளர் கேட்கிறார்களே என்று அதே ஜப்பானிய பேக்கரிகளில் வாங்கி வைத்தன. லாஸ் ஏஞ்சலஸின் லிட்டில் டோக்கியோவிலும் சான் ஃபிரான்சிஸ்கோவிலும் இருந்த ஜப்பானியக் கடைகள் சீன உணவகங்களுக்கு மூட்டை மூட்டையாக அனுப்பின. அப்போது அதன் பெயர் ‘ஃபார்ச்சூன் டீ கேக்’.

சீன உணவகங்கள் ஏன் அவ்வளவு பெருகின என்பதற்கும் சட்டம்தான் காரணம். 1882 சட்டம் தொழிலாளிகளைத் தடுத்தது, வணிகர்களைத் தடுக்கவில்லை. 1915இல் உணவகம் நடத்துபவரும் வணிகரே என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதும், ஊரிலிருந்து உறவினரை அழைத்துவர ஒரு நேர்வழி அடுப்படி வழியாகத் திறந்தது. பங்கு போட்டுப் பணம் திரட்டி உணவகம் திறந்தார்கள். சமையல் அவர்கள் இனத்தின் இயல்பு என்று பின்னால் வந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். வேறு கதவு திறந்திருந்தால் வேறு தொழிலில் பெருகியிருப்பார்கள்.

பிறகு 1941 டிசம்பர் 7. பேர்ல் ஹார்பரில் ஜப்பானின் குண்டு விழுந்தது. 1942 பிப்ரவரி 19ஆம் தேதி அதிபர் ரூஸ்வெல்ட் (முன்னவருக்கு உறவினர்) 9066 என்ற எண்ணுள்ள ஆணையில் கையெழுத்திட்டார். மேற்குக் கரையில் இருந்த ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் வீட்டைப் பூட்டிவிட்டு, கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு முகாம்களுக்குப் போக வேண்டும். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். சான் ஃபிரான்சிஸ்கோக்காரர்களை முதலில் டான்ஃபோரான் குதிரைப் பந்தயத் திடலில் அடைத்தார்கள். குதிரை லாயங்களுக்குச் சுண்ணாம்பு அடித்துக் குடும்பங்களைக் குடிவைத்தார்கள். அங்கிருந்து யூட்டா பாலைவனத்தின் டோபாஸ் முகாமுக்கு ரயில். பென்க்யோடோ பூட்டப்பட்டது. பிஸ்கட் சுட்ட மற்ற ஜப்பானியக் கடைகளும் பூட்டப்பட்டன. தேநீர்த் தோட்டத்தில் ஹகிவாரா மகோட்டோ 1925இலேயே இறந்துவிட்டிருந்தார். அவர் மகளும் பேரப்பிள்ளைகளும் தோட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் குடியிருந்த வீடு இடிக்கப்பட்டது. தோட்டத்தின் பெயரிலிருந்து ‘ஜப்பானிய’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘ஓரியண்டல்’ என்று எழுதினார்கள். பழைய பெயர் திரும்ப 1952 ஆயிற்று. குடும்பம் திரும்பவில்லை.

பிஸ்கட்டுக்கு அந்த ஆண்டுகளில் நல்ல காலம். சுட்டவர்கள் முள்வேலிக்குள் இருக்க, வாங்கியவர்கள் வெளியே இருந்தார்கள். சைனாடவுன்களில் சீனர்களே சுடத் தொடங்கினார்கள். சீனா இப்போது நட்பு நாடு. தங்களை ஜப்பானியர் என்று நினைத்து யாரும் அடித்துவிடக் கூடாதென்று சீனர் பலர் ‘நான் சீனன்’ என்று எழுதிய பொத்தானைச் சட்டையில் குத்திக்கொண்டு நடந்தார்கள். 1943 டிசம்பரில் 61 ஆண்டு பழைய தடைச் சட்டம் நீங்கியது. ஆனால் ஆண்டுக்கு 105 பேர்தான் வரலாம் என்று வரம்பு. பசிபிக் போர்முனைக்குப் போகிற, அங்கிருந்து திரும்புகிற சிப்பாய்கள் சான் ஃபிரான்சிஸ்கோ வழியாகத்தான் போனார்கள். சைனாடவுனில் சாப்பிட்டார்கள், குக்கியை உடைத்துச் சீட்டைப் படித்தார்கள். வீடு திரும்பியதும் தங்கள் ஊர்ச் சீன உணவகத்தில் ‘அந்த பிஸ்கட் எங்கே?’ என்று கேட்டார்கள். கேட்டால் கொடுக்காமல் முடியுமா? இப்படித்தான் அது உள்நாடு முழுக்கப் பரவியது. போர்முனைக்குப் போகும் வயதுப் பையன் நாளையைப் பற்றி ஒரு வரி கேட்கிறான். யாரோ முன்பின் தெரியாதவர் எழுதிய வரி கிடைக்கிறது. நாற்சந்தியில் நின்றவர்களுக்கும் அவனுக்கும் பெரிய தூரமில்லை.

1950களின் இறுதியில் ஆண்டுக்கு 25 கோடி குக்கிகள் தயாரானதாக ஒரு மதிப்பீடு உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோவின் எட்வர்ட் லூயி மடிப்பதற்கு இயந்திரம் கண்டுபிடித்தார். 1960 தேர்தலில் அதிபர் பதவிக்கு முயன்றவர்கள் சீட்டில் தங்கள் விளம்பரத்தை வைத்துக் கொடுத்தார்கள். 1962இல் அதே ஊரின் சைனாடவுனில் ராஸ் சந்தில் தொடங்கிய கோல்டன் கேட் தொழிற்கூடத்தில் பெண்கள் கையால்தான் மடித்தார்கள். சூடான வட்டத்தை எடுத்து, சீட்டு வைத்து, ஓர் இரும்புக் கம்பியின் மேல் வளைத்து விடுவார்கள். கியோட்டோவில் பார்த்த அதே கையசைவு. விரல் சுடும் சூடும் அதேதான்.

முகாமிலிருந்து திரும்பிய ஜப்பானியர் பலருக்குப் பழைய தொழிலுக்கு இடமில்லை. பென்க்யோடோ மீண்டும் கதவைத் திறந்தது. ஆனால் சீட்டு பிஸ்கட்டின் சந்தை கைமாறிவிட்டிருந்தது. இதைச் சீனர் திருடினார்கள் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது நியாயமான பேச்சு அல்ல. 60 ஆண்டுகள் கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள், அதே அரசு வேறு ஒருவரை உள்ளே தள்ளிப் பூட்டியபோது, காலியான அடுப்பைப் பற்றவைத்தார்கள். அடுப்பைக் காலியாக்கியது அவர்கள் அல்லர்.

நிஸெய் தலைமுறை முகாமைப் பற்றிப் பேசவில்லை. ‘ஷிகாட்டா கா நாய்’ என்பது அந்தத் தலைமுறையோடு சேர்த்தே சொல்லப்படும் வார்த்தை; வேறு வழியில்லை என்று பொருள். பிள்ளைகளுக்கு ஜப்பானிய மொழி கற்றுக்கொடுக்காதவர்கள் ஏராளம். இரண்டு நிஸெய்கள் சந்தித்தால், ‘நீங்கள் எந்த கேம்ப்?’ என்று கேட்டுக்கொள்வார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் குழந்தைகள் பள்ளி விடுமுறை கேம்ப் என்று நினைத்துக்கொள்ளும். நல்ல மதிப்பெண், நல்ல வேலை, வெள்ளையர் தெருவில் வீடு. 1966இல் ஒரு சமூகவியலாளர் நியூயார்க் டைம்ஸ் வார இதழில் அவர்களை வெற்றிக்கதையாக எழுதினார். கறுப்பின மக்களை நோக்கி விரல் நீட்ட அந்தக் கதை பயன்பட்டது. முள்வேலியிலிருந்து புகழுரைக்கு வர 20 ஆண்டுகளே ஆயின. இரண்டுமே வெளியிலிருந்து ஒட்டிய சீட்டுகள்.

ஃபிரெட் கொரெமட்சு அந்தத் தலைமுறைக்காரர். 1919இல் ஓக்லாந்தில் பிறந்த நிஸெய். 1942இல் ஆணைக்குக் கீழ்ப்படியாமல் வெளியே நின்றார். காதலியோடு இருக்க வேண்டும் என்பதற்காகக் கண்ணிமையில் சிறு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார், ஸ்பானிய-ஹவாய்ப் பெயர் ஒன்றை வைத்துக்கொண்டார். மே மாதம் பிடிபட்டார். பெயரை மாற்றிப் பார்த்தார், முகத்தை மாற்றிப் பார்த்தார். ஒசாவா தொடங்கிய இடத்திலிருந்து இதற்கு மேல் போக இடமில்லை. 1944இல் உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பிறகு 40 ஆண்டுகள் குற்றவாளி என்ற பதிவோடு வாழ்ந்தார். அதை வீட்டில் சொல்லவில்லை. அவர் மகள் கரென் பள்ளியில் படிக்கும்போது, வகுப்புத் தோழி ஒருத்தி முகாம்கள் பற்றிய ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசினாள். அதில் கொரெமட்சு வழக்கு என்று வந்தது. தன் குடும்பப் பெயர் வகுப்பறையில் ஒலிப்பதைக் கேட்டுத்தான் மகள் தந்தையின் கதையைத் தெரிந்துகொண்டார். அதுவும் ஒருவகை விரிச்சிதான். எங்கோ யாரோ பேசியது, தனக்கென்றே வந்த சொல்லாகக் காதில் விழுந்தது.

அமெரிக்க வரலாற்றாசிரியர் மார்க்கஸ் லீ ஹேன்சன் 1930களில் ஒரு கருத்தைச் சொன்னார். குடியேறியவரின் மகன் மறக்க நினைப்பதைப் பேரன் நினைவுகூர நினைக்கிறான் என்பது அதன் சாரம். ஸ்காண்டிநேவியக் குடியேறிகளை வைத்துச் சொன்னது. அவர்களுடைய மறதியில் வெட்கம் இருந்திருக்கலாம். நிஸெய்களின் மறதியில் அச்சம் இருந்தது. ஆனாலும் பேரப்பிள்ளைகள் கேட்கத் தொடங்கினார்கள். அமெரிக்கக் காங்கிரஸ் அமைத்த விசாரணைக் குழு 1981இல் ஊர் ஊராக அமர்ந்தபோது, 60 வயது, 70 வயது நிஸெய்கள் ஒலிவாங்கியின் முன் முதல்முறையாக வாய் திறந்தார்கள். அரங்கில் இருந்த பிள்ளைகள் தங்கள் வீட்டுக் கதையை அங்கேதான் கேட்டார்கள்.

1983இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் 2 நீதிமன்றங்கள் கூடின. ஒன்று, உள்ளூர் வரலாற்றுச் சண்டைகளை விளையாட்டாகத் தீர்த்துவைக்கும் ஒரு மன்றம். வழக்கு, ஃபார்ச்சூன் குக்கியைக் கண்டுபிடித்தது யார் என்பது. லாஸ் ஏஞ்சலஸ் தரப்பு, ஹாங்காங் நூடுல் கம்பெனியின் டேவிட் ஜங் 1918இல் ஏழைகளுக்குக் கொடுப்பதற்காகக் கண்டுபிடித்தார் என்றது. சான் ஃபிரான்சிஸ்கோ தரப்பு ஹகிவாராவைச் சொல்லி, பழைய இரும்புக் கட்டாக்களைக் கொண்டுவந்து காட்டியது. உள்ளூர் நீதிபதி உள்ளூருக்கே தீர்ப்பளித்தார். லாஸ் ஏஞ்சலஸ் கோபித்துக்கொண்டது. பத்திரிகைகள் சிரித்தன.

மற்றது உண்மையான நீதிமன்றம். முகாம்கள் தேவையில்லை என்று காட்டிய ஆவணங்களை அரசு உச்ச நீதிமன்றத்திடமிருந்து மறைத்திருந்தது என்பதை ஆய்வாளர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். டேல் மினாமி தலைமையில், பெரும்பாலும் ஸன்ஸெய் இளைஞர்களான வழக்கறிஞர்கள் கொரெமட்சுவின் வழக்கை மீண்டும் திறந்தார்கள். அவர்களில் பலரின் பெற்றோர் முகாமில் இருந்தவர்கள். நவம்பர் 10ஆம் தேதி நீதிபதி மெரிலின் ஹால் படேல் அந்தத் தண்டனையை நீக்கினார். ஐந்தாண்டு கழித்து, 1988 ஆகஸ்டில், அரசு மன்னிப்புக் கேட்டது. உயிரோடிருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர்.

பலகாரத்தின் பிறப்பைக் கேட்ட வழக்கும், ஒரு குடிமகனின் குற்றத்தை நீக்கக் கேட்ட வழக்கும் ஒரே ஊரில் ஒரே ஆண்டில் நடந்தன. நான் இவ்விரண்டையும் தனித்தனியாக நினைக்க முடியாமல் தவிக்கிறேன். குக்கி எப்படி ஜப்பானியர் கையிலிருந்து போனது என்ற கேள்விக்கு விடை முதல் மன்றத்தில் இல்லை. இரண்டாவது மன்றத்தின் ஆவணக் கட்டுகளில் இருந்தது.

குக்கியைச் சுமந்த சீனக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் ஒரு பாரம் உண்டு. உணவகத்தின் பின்மேசையில் வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்த பிள்ளையிடம் வகுப்பில் யாராவது ‘உங்கள் நாட்டுக் குக்கி’ என்பார்கள். அந்தப் பிள்ளையின் பாட்டிக்கு அப்படியொரு பண்டமே தெரியாது. தாங்கள் அறியாத ஒன்றுக்கு வாரிசாக நிற்க வேண்டியிருப்பது, தங்களுடையதை இழப்பதைவிட எளிது என்று எனக்குத் தோன்றவில்லை. 1965இல் குடியேற்றச் சட்டம் மாறி, ஹாங்காங், தைவான், பிறகு ஃபுஜியான் என்று புதியவர்கள் வந்து உணவகம் திறந்தபோது, அவர்கள் முதலில் கற்றுக்கொண்ட அமெரிக்க வழக்கங்களில் பில்லோடு குக்கி வைப்பதும் ஒன்று.

இன்று மிகப்பெரிய தயாரிப்பாளர் நியூயார்க்கின் வோன்டன் ஃபுட் நிறுவனம். ஒரு நாளைக்கு 40 லட்சத்துக்கு மேல் தயாரிக்கிறார்கள். அங்கே 30 ஆண்டுகள் சீட்டு எழுதியவர் டொனால்ட் லௌ. சொல் வற்றிவிட்டது என்று 2017இல் எழுதுவதை நிறுத்திக்கொண்டார். 2005 மார்ச் மாதம் பவர்பால் லாட்டரியில் இரண்டாம் பரிசு 110 பேருக்கு விழுந்தது. மோசடியோ என்று அதிகாரிகள் விசாரித்தபோது, பெரும்பாலோர் குக்கிச் சீட்டின் அடியில் அச்சிட்டிருந்த எண்களைப் போட்டவர்கள் என்று தெரிந்தது. பல மாநிலங்களில், ஒருவரையொருவர் அறியாத இத்தனை பேர், ஒரே வழிப்போக்கரின் சொல்லைக் கேட்டிருந்தார்கள்.

இதே நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் குக்கியைச் சீனாவில் விற்றுப்பார்க்க நினைத்துக் கைவிட்டது. அங்கே இது மிகவும் அமெரிக்கத்தனமாகப் பட்டது. 2013இல் ஷாங்காயில் 2 அமெரிக்கர்கள் ஓர் உணவகம் திறந்தார்கள். ஒருவர், நியூயார்க்கில் சீன உணவகம் நடத்திய குடும்பத்துப் பிள்ளை. பெயர் ‘ஃபார்ச்சூன் குக்கி’. அமெரிக்கச் சீனச் சமையல்தான் அங்கே உணவு. ஷாங்காயில் வேலைக்கு வந்து, வீட்டு நினைவில் வாடிய அமெரிக்கர்கள் தேடிவந்து சாப்பிட்டார்கள். தாத்தா காலத்தில் ஆசியாவிலிருந்து போன சமையல், பேரன் காலத்தில் அமெரிக்கச் சாப்பாடாக ஆசியாவுக்கே திரும்பியது. 3 ஆண்டுகளில் கடை மூடப்பட்டது.

பென்க்யோடோவை ஒகமுராவின் பேரர்கள் இருவர் நடத்தினார்கள். 2022 மார்ச் 31ஆம் தேதி, 115 ஆண்டுகளுக்குப் பின், அவர்களும் ஓய்வெடுத்துக்கொண்டார்கள். கடைசி நாட்களில் ஜப்பான்டவுனில் பல மணி நேரம் வரிசை நின்றது. வந்தவர்கள் கேட்டது மோச்சியும் மஞ்சூவும். சிவப்புப் பயறு விழுது வைத்த பழைய பலகாரங்கள், வெனிலா சேராதவை. வேறு முகங்களும் வேறு குடும்பப் பெயர்களும் கலந்த நான்காம் தலைமுறைப் பிள்ளைகள் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு ஜப்பானிய மொழி தெரியாது. மஞ்சூ தெரியும்.

தேநீர்த் தோட்டம் இருக்கிறது. அதன் முன் போகும் சாலைக்கு 1986 முதல் ஹகிவாராவின் பெயர். வாயில் அருகே ஒரு பாறையில் வெண்கலப் பட்டயம் பதித்திருக்கிறார்கள். அந்தக் குடும்பத்துக்கான நன்றி. 1974இல் அதைச் செய்தவர் சிற்பி ரூத் அசாவா. கலிஃபோர்னியாவில் காய்கறிப் பண்ணைக்காரரின் மகளாகப் பிறந்த நிஸெய். 16 வயதில் சாண்டா அனிட்டா பந்தயத் திடலின் லாயத்தில் அடைக்கப்பட்டவர். அங்கே அடைபட்டிருந்த டிஸ்னி ஓவியர்களிடம் வரையக் கற்றுக்கொண்டவர். வெண்கலத்தில் அவர் எழுதிய பெயரைத் தாண்டிப் பயணிகள் உள்ளே போகிறார்கள். பாலத்தில் ஏறிப் படம் எடுக்கிறார்கள். தேநீர்க் கூடத்தில் உட்கார்ந்தால் கோப்பையின் பக்கத்தில் ஒரு சிறு மடிப்பு வந்து நிற்கிறது. உடைத்து, சீட்டைப் பிரித்து, எதிரே இருப்பவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுகிறார்கள்.